வட்டைப் பாட்டும் வானொலிப் பாட்டும்

சில வாரங்களுக்கு முன்பு, கல்முனைச் சந்தைக்கு அண்மையிலுள்ள ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். அஸர்த் தொழுகை முடித்து வந்த முதியவர் இருவர் எமக்கு எதிரே இருந்தனர். கடைக்காரர் தம்முடைய கைத்தொலைபேசியை ஒரு சிறிய ஒலிபெருக்கியுடன் இணைத்துப் பழைய பாடல்களை ஒலிக்கவிட்டிருந்தார். திடீரென்று நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எழுந்தது. முதியவருள் ஒருவர் மேசையில் விரல்களால் தாளமிடத் தொடங்கினார். மற்றவர் புன்னகை செய்தார். தேநீர் கொண்டுவந்த பையனும் தலையை ஆட்டினான். அறுபதுகளின் பிற்பகுதியில் பிறந்த அந்தப் பாட்டுக்கு அவன் பேரப்பிள்ளை முறையாக வேண்டும்!

அன்பர்களே, அந்தப் பாடலைக் கேட்டால் எமக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் அந்த மகிழ்ச்சியோடு ஒரு மன உறுத்தலும் கூடவே வந்து நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எம்மோடிருக்கும் அந்த உறுத்தலை இன்று உங்களிடம் சொல்லிவிட எண்ணுகின்றோம்.

எமது ஊர் காரைதீவு. 1892ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. பழந்தமிழரின் இசையை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு யாழ்நூலைத் தமிழுலகுக்கு அளித்துவிட்டு அதே ஆண்டில் மறைந்த பெருமகன் அவர். எமது ஊருக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இக்கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கயிற்றில் கோத்த இருநிற மணிகளைப் போலக் கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இன்றும் பேச்சிலும் பாட்டிலும் எமக்கு மட்டக்களப்பு மணமே உண்டு.

எமது பக்கத்தில் வயற்பரப்பை வட்டை என்போம். விதைப்புக் காலத்தில் ஆண்கள் வட்டைக்குப் போய்விடுவார்கள். போடியாரும் முல்லைக்காரனும் கூலியாட்களும் வாடியிலே தங்கியிருந்து, பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்து, அறுவடை முடித்தே வீடு திரும்புவர். மாதக் கணக்கில் நீண்ட பிரிவு அது. அந்தப் பிரிவிலிருந்து பிறந்ததுதான் கவி.

கவி என்றவுடன் அச்சடித்த கவிதையை எண்ணிவிட வேண்டாம். நான்கு அடிகளில் அடங்கிவிடும் நாட்டுப் பாடல் அது. அதற்குப் பக்க வாத்தியம் கிடையாது, தாளமும் இறுக்கமானதன்று. இரவில் பரண்மேல் இருப்பவன் ஒரு கவியை நீட்டி இழுத்துப் பாடுவான். நாலு வயலுக்கப்பால் இன்னொரு பரணிலிருந்து அதற்கு மறுமொழி வரும். வீட்டிலே பெண்கள் நெல் குற்றும்போதும், பாய் இழைக்கும்போதும், பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போதும் தமக்குள் மெல்லப் பாடுவார்கள். பாடுபொருள் பெரும்பாலும் மச்சானும் மச்சியுமே. மாமியிடம் பெண் கேட்பதும், மாமி மறுப்பதும், கிளியைத் தூதுவிடுவதும், வராதவனை வைவதும் அதிலே உண்டு. கிழக்கிலங்கையிலே முஸ்லிம் மக்கள் இக்கவியைத் தம் உயிர்போல் வளர்த்தார்கள். தமிழரும் பாடினார்கள். வயலில் யார் பாட்டு யாருடையது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

களவெட்டியிலே வேறொரு வகைப் பாட்டு இருந்தது. சூட்டைச் சரித்து மாடுகளை வளைத்து மிதிக்கவிடும்போது, மாட்டுக்கும் மனிதனுக்கும் தூக்கம் வராமலிருக்க விடிய விடியப் பாடுவது. பொலி பெருக வேண்டும் என்ற வேண்டுதல் அதிலே அடிக்கடி வரும். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் வயல் பெருகிற்று. வயலோடு உழவு இயந்திரமும் பெருகிற்று. மாட்டின் இடத்தை இயந்திரம் பிடித்தது. இப்போது அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே பொறியின் வயிற்றுக்குள் நடந்து முடிகின்றன. அந்த இரைச்சலுக்குள் நின்று எவன் பாடுவான்? மாடு போனபோது மாட்டுக்குப் பாடிய பாட்டும் கூடவே போயிற்று.

எமது பாட்டனாரின் வயலில் வேலை செய்த குடும்பங்களுள் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு குடும்பமும் உண்டு. அந்த வீட்டு முதிய அம்மையாரை அவருடைய பேரப்பிள்ளைகளைப் போலவே நாமும் 'மூத்தம்மா' என்றே அழைத்தோம். அறுவடை முடிந்ததும் அவர் எமது வீட்டு முற்றத்துக்கு வந்து, எமது பெத்தாவுடன் இருந்து நெல் புடைப்பார். சுளகின் ஓசைக்கு ஏற்றாற்போல் அவர் வாயிலிருந்து கவி வரும். ஆடவர் எவரேனும் படலையைத் திறந்தால் பாட்டு நின்றுவிடும்; முக்காடு முன்னுக்கு வரும். சிறுவராயிருந்த எம்மை அவர் ஆடவர் கணக்கில் சேர்க்கவில்லை. அது எமது பேறு.

ஒரு நாள் எமது வீட்டு வானொலிப் பெட்டியில் ஒரு மெல்லிசைப் பாடல் ஒலித்தது. வயலினும் தபேலாவும் சேர்ந்திருந்தன. மெட்டு மட்டும் வட்டை மெட்டு. மூத்தம்மா சுளகை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பெத்தாவைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா புள்ள, எங்கட பாட்டக் கொண்டு போய், சட்டையும் போட்டு, பவுடரும் பூசிக் கூட்டி வந்திரிக்கானுகள்!"

இருவரும் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள். அவர் கோபித்ததாக எமக்கு நினைவில்லை. மணமகனாக வந்து நிற்கும் தம் பிள்ளையைப் பார்ப்பவர்போலவே இருந்தார்.

இலங்கை வானொலியின் வரலாறு நீண்டது. 1925ஆம் ஆண்டு கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினர்க்காக நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்பு நிலையம் போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1952ஆம் ஆண்டளவில், இந்தியாவில் அமைச்சராயிருந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தார். அவ்வளவுதான், இந்தியாவின் காதெல்லாம் இலங்கையை நோக்கித் திரும்பிவிட்டது! 1957ஆம் ஆண்டு 'விவித் பாரதி' தொடங்கப்பட்ட பின்னரும் தமிழ்நாட்டார் எமது வானொலியை விடவில்லை. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலையும், பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீதின் குரலையும் தம் வீட்டார் குரலாகவே அவர்கள் அறிந்திருந்தார்கள். 1967ஆம் ஆண்டு வானொலி, கூட்டுத்தாபனமாயிற்று.

ஏறக்குறைய அதே காலத்திலேதான் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையும் தலைகாட்டியது. போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பிலே விளைந்த பைலாத் தாளத்தை எடுத்துக்கொண்டு, கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊர்த் தமிழிலே பாடினார்கள் இளைஞர்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வீட்டுக்கு வீடு அறிந்த பெயராயினர். மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' கடலையும் தாண்டிற்று. 1977ஆம் ஆண்டு 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் திரைப்படத்திலே இளையராஜாவின் இசையில் அது மறுபிறவி எடுத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அதே இளையராஜா 'அன்னக்கிளி'யின் வாயிலாகத் தமிழ்நாட்டுக் கிராமத்து மெட்டை வானொலிகளுக்குள் கொண்டுவந்திருந்தார்.

இப்பாடல்களைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கும் இளைஞன் யார்? வட்டைக் கவியிலே மாமியை வளைய வந்த அதே மச்சான்தான்! பரணை விட்டு இறங்கிக் காற்சட்டை போட்டுக்கொண்டு மேடையேறிவிட்டான். பொப் பாடகர்கள் எமது கவியைப் பார்த்து எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. மாமனும் மாமியும் முறைப்பெண்ணும் தமிழ்க் குடும்பம் எங்கும் உள்ளவர்களே. ஆயினும் மூத்தம்மாவின் சட்டையும் பவுடரும் எமக்கு நினைவுக்கு வரத்தான் செய்கின்றன.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. எமது கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஜிம் ரீவ்ஸின் அடியார். அமெரிக்கக் கிராமியப் பாடகரான ரீவ்ஸுக்கு இலங்கையில் இன்றும் இரசிகர் மிகப் பலர். முன்னர் அமெரிக்கக் கிராமியப் பாட்டிலே பிடில் கீறிச்சிடும். உருக்குக் கம்பிக் கிற்றார் அழும். ஐம்பதுகளின் பிற்பகுதியிலே நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள், செற் அட்கின்ஸ் போன்றோர், அவற்றைப் பெரிதும் ஒதுக்கி, மென்மையான பின்னணிக் குரல்களையும் நகரத்துக்கு ஏற்ற வாத்தியங்களையும் சேர்த்தார்கள். அம்முறையிலே ரீவ்ஸ் பாடிய 'ஹீல் ஹாவ் டு கோ' 1960ஆம் ஆண்டு கிராமியப் பட்டியலில் முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் பெற்றது. 1964ஆம் ஆண்டு விமான விபத்தில் அவர் இறந்தார், பாட்டு இறக்கவில்லை.

"பழைய பிடில்காரன் இதைக் கேட்டு வயிறெரிந்திருப்பான்" என்றோம் நாம்.

"உண்மைதான் ஐயா. ஆனால் பிடிலோடு நின்றிருந்தால் அது கல்முனைக்கு வந்திருக்குமா?" என்றார் நண்பர்.

அவருடைய கேள்வி நியாயமானது. வண்டியேறிப் போகும் பாட்டு மூட்டை முடிச்சில் பாதியை விட்டுவிட்டுத்தான் போகும். எமது கவியும் வானொலிக்குப் போகையிலே தன் நீண்ட இழுவையை விட்டுச் சென்றது. மறுமொழிக்காகக் காத்திருக்கும் மௌனத்தை விட்டுச் சென்றது. மூன்று நிமிடத்துக்குள் முடியவேண்டிய பாட்டிலே மௌனத்துக்கு இடம் ஏது? ஆகவே வானொலியை நாம் குறை சொல்லவில்லை. குறை எம்முடையது. அதைத்தான் இனிச் சொல்லப்போகின்றோம்.

1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் இக்கரையில் நடந்தவற்றை மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு பக்கத்திலும் அழுகுரல் கேட்டது. காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே நடந்தே கடக்கும் தூரந்தான். அத்தூரம் ஒரு கடலாயிற்று. எமக்கு அப்போது பதினொரு வயது. மூத்தம்மா நெல் புடைக்க வருவது நின்றது. பெத்தா தனியே புடைத்தார், பாடவில்லை. மின்சாரமில்லாத இரவுகளில், வெயிலில் காயவைத்துச் சற்றே உயிரூட்டிய பற்றரிகளை வானொலிக்குள் இட்டு, செய்தியையும் செய்தியின் பின் வரும் பாட்டையும் கேட்டோம். அக்காலத்திலே அப்பாட்டுத்தான் எமக்குத் துணை. பொப் பாடல்களை நாம் நேசித்தது அப்படித்தான்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்தது. பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருந்த எமக்கு, நாட்டுப் பாடல் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நூலகத்தில் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' கிடைத்தது. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த அரிய நூல் அது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் அவர்கள் முஸ்லிம் மக்களின் நாட்டார் பாடல்களை ஊரூராய்த் தேடித் தொகுத்து வந்ததையும் அறிந்தோம். சொற்கள் நூலில் இருந்தன. ஆனால் இழுவையை எந்த அச்சகம் அச்சிடும்? எனவே ஒரு கசற் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சாய்ந்தமருதுக்கு நடந்தோம்.

கடற்கரையோரத்து வீடு அது. மூத்தம்மா மிக மெலிந்திருந்தார். எமது முகத்தை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் ஏன் வரவில்லை என்று கேட்பார் என அஞ்சியிருந்தோம். அவர் கேட்டதோ வேறு.

"பெத்தா சுகமா மகன்?"

பெத்தா காலமானதைச் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பாடச் சொல்லிக் கேட்டபோது தலையசைத்து மறுத்தார். "பாட்டு என்ன தேத்தண்ணியா மகன், கேட்ட ஒடன ஊத்தித் தாறதுக்கு? வேலயோட வாற சாமான் அது."

மறுநாளும் போனோம். மருமகளிடம் சொல்லிச் சுளகில் அரிசி கொண்டுவரச் செய்தார். புடைக்கத் தொடங்கினார். சுளகு நாலு தரம் எழுந்து விழுந்ததும் கவி வந்தது. குரல் உடைந்திருந்தது, இழுவை உடையவில்லை. கசற்றின் ஒரு பக்கம் முழுவதும், அரை மணி நேரம் பாடினார். "இத வெளியால குடுத்திராத மகன், ஒனக்கு மட்டுந்தான்" என்றார். வாக்குக் கொடுத்தோம். கட்டுரை எழுதி முடித்தோம். நல்ல புள்ளியும் கிடைத்தது. கசற் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

2004ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரு வானொலி பழைய ஈழத்துப் பொப் பாடல்களைத் தொடர்ந்து ஒலிபரப்பப்போவதாக அறிவித்தது. எமது இளமையே பெட்டிக்குள்ளிருந்து அழைப்பதுபோல் இருந்தது. பதிவு செய்ய வெற்றுக் கசற்றைத் தேடினோம், இல்லை. கடை பூட்டியிருந்தது. இழுப்பறையைத் திறந்தோம்.

அன்பர்களே, அந்தக் கணத்திலே நாம் எண்ணியதை மறைக்காமற் சொல்கின்றோம். 'மூத்தம்மா பக்கத்து ஊரில்தானே இருக்கிறார், பாதையும் திறந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய் மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம், வானொலிக்காரன் இதை மீண்டும் போடுவானா?' என்று எண்ணினோம். பதிவுப் பொத்தானை அழுத்தினோம். 'சின்ன மாமியே'யும் 'சுராங்கனி'யும் இன்னும் பல பாடல்களும் மூத்தம்மாவின் குரலின் மேல் ஏறி அமர்ந்தன.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிரை இழக்கவில்லை. காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் கடல் வேற்றுமை பார்க்கவில்லை. எமது வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்தமையால் தப்பிற்று. நான்காம் நாள் சாய்ந்தமருதுக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. மூத்தம்மாவை முதல் நாளே ஏனையோருடன் நல்லடக்கம் செய்துவிட்டார்கள் என்றனர்.

பல மாதங்கள் அந்தக் கசற்றைத் தொடவில்லை. பின்னொரு நாள், அழிந்தது அழிந்ததுதானா என்று அறியத் துணிந்து ஒலிக்கவிட்டோம். பாடல்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்னர் எம்மைத் துள்ளவைத்த பாடல்கள்! கடைசிப் பாடல் முடிந்தது. வானொலியை நிறுத்தியபோது எழுந்த 'டக்' என்ற ஓசை கேட்டது. அதன்பின் கசற்றில் அரை நிமிடம் மிஞ்சியிருந்தது.

அந்த அரை நிமிடத்திலே ஒரு கவியின் கடைசி அடி; அதன் இழுவை; சுளகு நிலத்தில் வைக்கப்படும் ஓசை. பிறகு மூத்தம்மாவின் குரல்: "போதுமா மகன்?"

அதன்பின் எமது குரல்: "போதும் மூத்தம்மா."

பழைய பாட்டை நினைத்து ஏங்குவோர் வானொலியைப் பழிப்பதையும், திரைப்படத்தைப் பழிப்பதையும், பிள்ளைகளின் கைத்தொலைபேசியைப் பழிப்பதையும் கேட்கும்போதெல்லாம் எமக்கு அந்த ஒற்றைச் சொல்தான் நினைவுக்கு வரும். பொப் பாட்டு எமது கவியை அழிக்கவில்லை. அது அழைக்காமலே வந்து எமக்குத் துணையாயிருந்தது. 'போதும்' என்று சொன்னவர்கள் நாமே.

இப்போது மாணவர்க்கு ஆண்டுதோறும் ஒரு பணி கொடுக்கின்றோம். வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு வரவேண்டும். எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்பதையும் எழுதவேண்டும். பெரும்பாலோர் திரைப்பாட்டோடு வந்துவிடுவார்கள். அதையும் ஏற்றுக்கொள்கின்றோம், பெத்தாமாரும் திரைப்பாட்டுக் கேட்டவர்கள்தாமே. சென்ற முறை மருதமுனையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கவியொன்றைத் தாளில் எழுதி வந்தாள். தறியில் இருக்கும்போது அவளுடைய மூத்தம்மா பாடுவதாம்.

"பதிவு செய்தீர்களா பிள்ளை?" என்று கேட்டோம்.

"செய்தேன் சேர். ஆனால் குரலை வெளியில் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டா. வீட்டில் வைத்திருக்கிறேன்."

"நல்லது. அப்படியே வைத்திருங்கள். வேறெதையும் அதன் மேல் பதிந்துவிட வேண்டாம்" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள், கைத்தொலைபேசியிலே ஒன்றின் மேல் ஒன்றைப் பதிவதேது என்று எண்ணியிருப்பார்கள்.

கவியை வாசிக்கும்படி சொன்னோம். முதலடியைப் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தாள். இரண்டாம் அடியிலே அவளறியாமலே குரல் சற்று நீண்டது. மூன்றாம் அடியின் முடிவில் அந்த இழுவை வந்துவிட்டது. அவள் நாணி நிறுத்திக்கொண்டாள். வகுப்பு அமைதியாயிருந்தது. அது எமது மூத்தம்மாவின் பாட்டன்று, வேறொரு பாட்டு. இழுவை மட்டும் அதேதான். எமது பெத்தாவின் முற்றத்துச் சுளகோசை ஒரு கணம் எமது காதில் விழுந்தது.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூத்தவரிடம் போய் அமருங்கள். பாடச் சொல்லிக் கேட்க வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பாட்டு வந்தால் கேளுங்கள். அவர் இசைந்தால் பதிந்துகொள்ளுங்கள். இடையில் நிறுத்தி, போதுமா என்று அவர் கேட்பார். என்ன மறுமொழி சொல்லலாகாது என்பதை மட்டும் நாம் அறிவோம்.